நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

டாடா நானோ கார் ஏன் எடுபடவில்லை என்று வணிக மேலாண்மை படிக்கும் மாணவர் யாரைக் கேட்டாலும் பதில் சட்டென்று வந்துவிடும். ‘உலகிலேயே மலிவான கார்’ என்று முத்திரை குத்தி விற்றார்கள், மலிவான காரில் போய் இறங்க யார் விரும்புவார்கள் என்பார்கள். அப்படி விற்றது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொல்லியிருப்பதால் இந்தப் பதில் கேள்விக்கு அப்பாற்பட்டதாக ஆகிவிட்டது. ஆனால் 2009 ஏப்ரலில் முன்பதிவு திறந்தபோது இரண்டு வாரத்துக்குச் சற்றே கூடுதலான நாட்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். அத்தனை பேருக்கும் கொடுக்க வண்டி இல்லை. முதல் 1 லட்சம் பேரைக் கணினிக் குலுக்கலில்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மலிவு என்ற பெயரே ஆட்களை விரட்டியது என்றால் இந்த 2 லட்சம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? வண்டி இல்லாமற்போனதன் கதை வேறு. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் எழும்பிக்கொண்டிருந்த ஆலையை, நிலப் போராட்டத்தின் காரணமாக 2008 அக்டோபரில் கைவிட்டு, குஜராத்தின் சானந்துக்குப் போனார்கள். அங்கே ஆலை திறந்தது 2010 ஜூனில். மக்களின் ஆர்வம் உச்சத்தில் இருந்த காலம் முழுவதும் வண்டி சிறுகச் சிறுகத்தான் வெளியே வந்தது. சில வண்டிகள் தீப்பிடித்த செய்திகளும் அந்த நாட்களிலேயே பரவின. விலையும் முதலில் சொன்ன 1 லட்சம் ரூபாயில் நிற்கவில்லை. இவற்றையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்த பிறகும், முதலில் பதிந்தவர்கள் ஆர்வக்காரர்கள், அவர்களுக்குப் பின்னால் வரவேண்டிய ஸ்கூட்டர் குடும்பங்களைத்தான் மலிவு முத்திரை தடுத்தது என்று ஒருவர் வாதிடலாம். அது வாதம். மாணவர் முதலில் சொன்னது, யாரோ எழுதிய தீர்ப்பின் நகல்.

எம்.பி.ஏ. வகுப்புகளிலும் பி.காம்., பி.பி.ஏ. வகுப்புகளிலும் கேஸ் ஸ்டடி என்ற பெயரில் பெரும்பாலும் இந்த நகலெடுப்புதான் நடக்கிறது. நிறுவனத்தின் வரலாறு இரண்டு பக்கம், பலம் பலவீனம் வாய்ப்பு ஆபத்து என்று நான்கு கட்டம், கடைசியில் ‘நிறுவனம் தரத்தில் கவனம் செலுத்தி, வாடிக்கையாளர் தேவையைப் புரிந்துகொண்டு செயல்பட வேண்டும்’ என்று யாருக்கும் பொருந்தும் ஒரு பரிந்துரை. உழைப்பு இதில் இல்லாமல் இல்லை. ஆனால் கேஸ் என்ற பயிற்சி எதற்காகத் தோன்றியதோ அது மட்டும் இதில் இல்லை. 1870இல் ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் முதல்வரான லாங்டெல், சட்டத்தைப் பாடநூலிலிருந்து ஒப்பிக்கவிடாமல், நடந்த வழக்குகளை மாணவர் கையில் கொடுத்து விவாதிக்கச் செய்தார். 1908இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப் பள்ளிக்கு 1919இல் முதல்வராக வந்த வாலஸ் டோனம் அதே சட்டக் கல்லூரியில் படித்தவர். வணிகத்தையும் இந்த வழியில்தான் கற்பிக்க வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றிய முதல் கேஸ் 1921இல் எழுதப்பட்டது. 1961இல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம்., ஹார்வர்டின் ஒத்துழைப்போடு இந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இந்த வரிசை முழுவதிலும் மாறாத ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட ஆள், ஒரு குறிப்பிட்ட நாளில், போதாத தகவல்களோடு, ஒரு முடிவை எடுத்தாக வேண்டிய நிலையில் இருக்கிறார். அவருடைய நாற்காலியில் மாணவரை உட்காரவைத்து, நீங்கள் என்ன செய்வீர்கள், ஏன் என்று கேட்பதுதான் கேஸ். அந்த முடிவைக் கண்டுபிடித்து, ஒரு பக்கம் நின்று, எந்தத் தகவல் தெரியவந்தால் அந்தப் பக்கத்திலிருந்து நகர்வேன் என்பதையும் சொல்லும் மாணவரே கேஸை அலசியவர் என்பது என் வாதம். மற்றதெல்லாம் அதற்கு முந்தைய வீட்டு வேலை.

அதனால் கேஸைக் கையில் எடுத்ததும் தேட வேண்டியவை மூன்று: தேதி, ஆள், கேள்வி. முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்தாலே இவை பெரும்பாலும் கிடைத்துவிடும், ஏனென்றால் கேஸ் எழுதுபவர்கள் முடிவெடுக்க வேண்டியவரை அங்கேதான் நிறுத்துவார்கள். தேதி கிடைத்ததும் கடிகாரத்தை அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்றைய மாணவருக்கு இதுதான் கடினம். கைபேசியில் தேடினால் அந்த நிறுவனம் பிறகு என்ன ஆனது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு, நடந்ததெல்லாம் நடந்தே தீரவேண்டியதாகத் தோன்றும். வென்றவர் எடுத்த முடிவெல்லாம் ஞானமாகவும் தோற்றவர் எடுத்ததெல்லாம் மடத்தனமாகவும் மாறிவிடும். நல்ல முடிவு கெட்ட பலனைத் தருவதும், கெட்ட முடிவு அதிர்ஷ்டத்தால் பிழைத்துப்போவதும் வணிகத்தில் அன்றாடம் நடப்பவை. முடிவை மதிப்பிட, அன்று அவருக்குத் தெரிந்திருந்தது என்ன, கேட்டிருந்தால் தெரிந்திருக்கக் கூடியது என்ன என்ற இரண்டும் வேண்டும். பலன் இந்தக் கணக்கில் கடைசியில்தான் வரும்.

‘கேட்டிருந்தால் தெரிந்திருக்கக் கூடியது’ என்பதன் எடை எவ்வளவு என்பதைக் காட்ட, ஜாக் பிரிட்டன், சிம் சிட்கின் என்ற இரண்டு பேராசிரியர்கள் எழுதிய ‘கார்ட்டர் ரேசிங்’ என்ற கேஸை விடச் சிறந்தது எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு கார் பந்தயக் குழு. அதுவரை ஓடிய 24 பந்தயங்களில் 7 முறை இன்ஜின் பழுதாகியிருக்கிறது. இன்றைய பந்தயத்தில் நல்ல இடம் பிடித்தால் பெரிய விளம்பர ஒப்பந்தம் கிடைக்கும். நடுவில் இன்ஜின் போனால் தொலைக்காட்சி பார்க்கும் அத்தனை பேர் முன்னாலும் மானம் போகும். காலை நேரக் குளிர் வழக்கத்தைவிடக் கடுமை. குளிருக்கும் பழுதுக்கும் தொடர்பு உண்டு என்று மெக்கானிக் சந்தேகப்படுகிறார். பழுதான 7 பந்தயங்களின் வெப்பநிலை ஒரு தாளில் தரப்பட்டிருக்கிறது. அதில் குளிர்ந்த நாளும் இருக்கிறது, வெப்பமான நாளும் இருக்கிறது. ஆகவே தொடர்பு ஏதும் இல்லை, ஓடலாம் என்று மாணவர்களில் பெரும்பாலோர் முடிவெடுக்கிறார்கள். இடர்பாட்டுக் கணக்குப் போட்டு, எதிர்பார்க்கும் வருமானத்தைப் பெருக்கி, அழகாக நிரூபிக்கவும் செய்கிறார்கள். ஆனால் பழுதாகாத 17 பந்தயங்களின் வெப்பநிலை என்ன? அதைக் கேட்பவர்களுக்குக் கொடுப்பதற்கென்றே ஆசிரியரிடம் தனித் தாள் உண்டு. அதையும் சேர்த்துப் பார்த்தால் குளிர்ந்த நாட்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை என்பது கண்ணில் அறையும். உண்மையில் அந்த எண்கள் பந்தயக் காரினுடையவையே அல்ல. 1986 ஜனவரி 28 அன்று ஏழு பேரோடு வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்கலத்தின் ரப்பர் வளையங்களைப் பற்றிய தரவு அது, உடைமாற்றித் தரப்பட்டிருக்கிறது. ஏவுவதற்கு முந்தைய இரவு பொறியாளர்கள் எச்சரித்தார்கள். அன்றும் சேதம் ஏற்பட்ட பயணங்களை மட்டுமே வைத்துப் பேச்சு நடந்தது. 65 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவிய நான்கு முறையும் வளையம் சேதமடைந்திருந்தது என்பதும், அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் பெரும்பாலான பயணங்களில் சேதமே இல்லை என்பதும் ஒரே படத்தில் அருகருகே வைத்துக் காட்டப்படவில்லை.

எல்லாக் கேஸிலும் உயிர் போவதில்லை. ஆனால் எல்லாக் கேஸிலும் இப்படி ஒரு காணாத வரிசை இருக்கிறது. கடைக்கு வரும் வாடிக்கையாளரின் திருப்தி அட்டவணையாக இருக்கும்; வருவதை நிறுத்திவிட்டவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். வென்ற பத்துக் கிளைகளின் விவரம் பக்கம் பக்கமாக இருக்கும். மூடிய கிளைகள் அடிக்குறிப்பில்கூட இருக்காது. 1985இல் கோக்கோ கோலா சுவையை மாற்றுவதற்கு முன் கிட்டத்தட்ட 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்தியது. எது நன்றாக இருக்கிறது என்று கேட்டார்கள். பழையது இனி கிடைக்காது என்றால் என்ன செய்வீர்கள் என்பது அந்தச் சோதனையின் அளவுகோலுக்குள் வரவில்லை. 79 நாட்களில் பழைய கோக் திரும்பி வந்தது. மாணவர் அட்டவணையைப் பார்க்கும்போது முதலில் எழுத வேண்டியது, இதில் யார் இல்லை, எது அளக்கப்படவில்லை என்ற இரண்டு வரி.

இனி எண்களுக்கு வருவோம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி ஹார்வர்டு பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன் எழுதிய கேஸ் 1993இல் வெளிவந்தது. உலகின் எத்தனையோ வணிகப் பள்ளிகளில் அதைப் படித்திருக்கிறார்கள். அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அந்த மருத்துவமனை. முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு அறுவை சிகிச்சை செய்த மனிதர் அவர். நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இலவசமாகவோ பெயரளவுக் கட்டணத்திலோ சிகிச்சை; ஆனாலும் மருத்துவமனை நன்கொடையை நம்பி நிற்கவில்லை. நம் மாணவர்கள் இந்தக் கேஸில் மனிதரின் உயர்வில் நெகிழ்ந்து அங்கேயே நின்றுவிடுவார்கள். நெகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் நெகிழ்ச்சியால் மட்டும் மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்க முடியாது. கணக்கு எப்படி நேராகிறது என்று கேட்பதே அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதை.

விடையின் முதல் பாதி அறுவை அரங்கில் இருக்கிறது. இரண்டு மேசைகள், ஒன்றில் மருத்துவர் சிகிச்சையை முடிக்கும்போது அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். முன்னும் பின்னுமான வேலைகளைக் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற இளம் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் அரவிந்தில் ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் செய்யும் சிகிச்சைகள் 2,000 என்ற அளவில் சொல்லப்படுகின்றன. நாட்டின் சராசரி சில நூறுதான். மருத்துவர், அரங்கு, கருவி, பணியாளர் எல்லாம் சேர்ந்து நிலையான செலவு ஆண்டுக்கு 40 லட்சம் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 400 சிகிச்சை நடந்தால் ஒன்றின் தலையில் 10,000 ரூபாய் விழும். 2,000 நடந்தால் 2,000 ரூபாய். இந்த இடத்தில் ஒரு மாணவர் எழுந்து, இலவசத்தைப் பாதியாகக் குறைத்தால் லாபம் பெருகும் என்று பரிந்துரைப்பார். பெருகுமா? மருத்துவரும் அரங்கும் எப்படியும் இருக்கப்போகிறார்கள். இலவச நோயாளி ஒருவரை நிறுத்தினால் மிச்சமாவது அவருக்கான மருந்து, லென்ஸ், சாப்பாடு, பேருந்துச் செலவு மட்டுமே. 2,000 ரூபாய் மிச்சமாகாது. அதே வேளையில் அவர் கொண்டுவந்த சில விஷயங்கள் போய்விடும். இளம் மருத்துவருக்குக் கை பழகுவது அந்த எண்ணிக்கையில்தான். மருந்துக்குப் பேரம் பேசும் பலம் அந்த எண்ணிக்கையில்தான். கட்டணம் கட்டுபவரை வரவைக்கும் பெயர், ஊருக்குப் பார்வையோடு திரும்பிப் போகும் அந்த மனிதர் சொல்லும் சொல்லில்தான். ஆக, இலவசப் பகுதியை மருத்துவமனையின் பாரம் என்று மட்டும் பார்த்த பரிந்துரை, அந்த நிறுவனம் ஓடும் விதத்தையே தவறாகப் படித்திருக்கிறது. நான்கு கட்டம் போட்டு ‘பலவீனம்: இலவச நோயாளிகள் அதிகம்’ என்று எழுதியிருந்தால் இது ஒருநாளும் தெரிந்திருக்காது.

கணக்கு இப்படி விரிந்தபிறகு கேஸின் உண்மையான முடிச்சு தானாக மேலே வருகிறது. இலவச நோயாளிக்கு ஆகும் கூடுதல் செலவு சின்னதாக இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு நிற்கும். 1990களின் தொடக்கத்தில் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை 100 டாலரை ஒட்டி. கட்டணம் செலுத்தியவர்களுக்கு லென்ஸ், மற்றவர்களுக்குத் தடித்த கண்ணாடி என்ற பிரிவு அதனால் வந்தது. இப்போது நீங்கள் 1992இல் மதுரையில் அந்த நாற்காலியில் இருக்கிறீர்கள். நன்கொடையாக வரும் லென்ஸை நம்பி இப்படியே தொடரலாம். வேறு உற்பத்தியாளரிடம் மலிவாகப் பேசிப் பார்க்கலாம். அல்லது நீங்களே லென்ஸ் ஆலை போடலாம். ஆலை வேண்டாம் என்பவரின் வாதம் பலமானது: மருத்துவமனைக்கு நுண்பொருள் உற்பத்தி தெரியாது, ஒரு தொகுதி லென்ஸ் பழுதானால் போவது நோயாளியின் கண், கூடவே பதினாறு ஆண்டுகளில் சேர்த்த பெயர். போடலாம் என்பவரின் வாதமும் இளைத்ததல்ல: புதிய ஆலைகளைக் கொல்வது வாங்க ஆளில்லாத முதல் சில ஆண்டுகள், இங்கே வாங்குபவர் முதல் நாளே சொந்த வீட்டில், ஆயிரக்கணக்கான கண்களோடு காத்திருக்கிறார். நல்ல மாணவர் ஒரு பக்கம் நிற்பார். நின்றபடியே நிபந்தனையும் வைப்பார். தொழில்நுட்பம் தெரிந்த வெளிநாட்டுக் கூட்டாளி கிடைக்க வேண்டும், தரச் சோதனையில் தேறும்வரை ஒரு லென்ஸ்கூட நோயாளிக்குப் போகக் கூடாது, வெளிச்சந்தை விலை தானாகவே விழும் அறிகுறி தெரிந்தால் திட்டத்தை நிறுத்த வேண்டும் என்று. அரவிந்த் 1992இல் அரோலேப் என்ற சொந்த லென்ஸ் ஆலையைத் தொடங்கியது. விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. அதற்காக ‘ஆலை வேண்டாம்’ என்று வாதிட்ட மாணவருக்கு மதிப்பெண் குறைய வேண்டியதில்லை. லென்ஸ் செலவுதான் அச்சாணி என்பதைக் கண்டுபிடித்து எதிர்ப்பக்கம் நின்றவர், அச்சாணியைப் பார்க்காமலே சரியான பக்கத்தில் போய் நின்றவரைவிட மேலானவர்.

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, சட்டகங்களைப் பற்றியது. முன்பு சொன்ன நான்கு கட்டமான ஸ்வாட்டும், போட்டியை அலசும் போர்ட்டரின் ஐந்து சக்திகளும் இல்லாவிட்டால் புதிய மாணவர் எங்கே தொடங்குவார் என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். யோசிக்க மறந்த மூலையைச் சட்டகம் நினைவூட்டும். சரக்கு தருபவர்களின் பலம் பற்றிப் பார்த்தாயா என்று கேட்கும். அந்த அளவுக்கு அதை மேசைமேல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது பட்டியல் தருமே தவிர எடை போடாது. எட்டுப் பலங்களும் ஆறு பலவீனங்களும் எழுதிய பிறகு, இவற்றில் முடிவைத் தீர்மானிப்பது எது என்ற கேள்வி அப்படியே மிச்சமிருக்கும். சமைக்கும்போது பயன்பட்ட அரிவாள்மணையை யாரும் இலையில் பரிமாறுவதில்லை. சட்டகத்தையும் பார்வையாளர் முன் கொண்டுவந்து வைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. ஹென்றி மின்ட்ஸ்பெர்க் என்ற கனடாப் பேராசிரியர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது அது. நேற்றுவரை பெயரே கேள்விப்படாத ஒரு நிறுவனத்தைப் பற்றி இருபது பக்கம் படித்துவிட்டு, அது என்ன செய்ய வேண்டும் என்று உறுதியாகப் பேசப் பழக்குவது அறிவா, துணிச்சல் நடிப்பா என்று அவர் கேட்கிறார். இருபத்திரண்டு வயதில், ஒருநாள்கூட ஒரு கடையை நடத்தாதவர் ஆலை போடு, மூடு என்று சொல்வதில் ஒரு பொய் இருக்கத்தான் செய்கிறது. கேஸ் எழுதுபவரே தகவலைத் தேர்ந்தெடுத்துச் சீவி வைத்திருப்பதால் அந்தப் பொய் இன்னும் கூடுகிறது. தொழிலாளி என்ன நினைத்தார், சரக்கு கொடுத்தவர் என்ன பாடுபட்டார் என்பவை பல கேஸ்களில் இடம் பெறுவதே இல்லை. ஹோண்டாவின் கதை இந்த மறுப்புக்கு வலுச் சேர்க்கிறது. அமெரிக்காவின் மோட்டார் சைக்கிள் சந்தையை ஹோண்டா பிடித்தது எப்படி என்று 1975இல் பாஸ்டன் கன்சல்டிங் குழு பிரிட்டிஷ் அரசுக்கு ஓர் அறிக்கை தந்தது. ஜப்பானில் பெருமளவில் உற்பத்தி செய்து செலவைக் குறைத்து, சிறிய வண்டி என்ற இடைவெளியைத் திட்டமிட்டுக் குறிவைத்தார்கள் என்பது அதன் சாரம். அந்த விளக்கம் வகுப்பறைகளுக்குப் போயிற்று. பிறகு ரிச்சர்ட் பாஸ்கல் 1982இல், அந்த வேலையைச் செய்த ஆறு ஹோண்டா அதிகாரிகளை நேரில் கண்டு கேட்டார், 1984இல் எழுதினார். அவர்கள் சொன்னது வேறு. 1959இல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தபோது பெரிய வண்டிகளை விற்கத்தான் நினைத்திருந்தார்கள். அமெரிக்கர்கள் நெடுந்தூரம், அதிவேகமாக ஓட்டியதில் அந்த வண்டிகளில் எண்ணெய் கசிந்தது, கிளட்ச் போயிற்று. சொந்த வேலைக்காக ஊருக்குள் ஓட்டிக்கொண்டிருந்த 50 சிசி சூப்பர் கப்பைப் பார்த்துச் சியர்ஸ் நிறுவனத்திலிருந்து விசாரித்தார்கள். வேறு வழியில்லாமல்தான் சிறிய வண்டியை முன்னே கொண்டுவந்தார்கள்.

ஆனால் இந்தக் கதை கேஸ் முறையைக் கைவிடச் சொல்கிறதா? பாஸ்கல் செய்தது என்ன என்று பாருங்கள். வழங்கிவந்த விளக்கத்தை ஏற்றுக்கொள்ளாமல், முடிவெடுத்தவர்களின் நாளுக்கும் இடத்துக்கும் போய், அன்று என்ன தெரிந்திருந்தது என்று கேட்டார். மாணவரிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதுவே, அளவில்தான் சிறிது. தவிரவும் அறிக்கையின் விளக்கம் முழுப் பொய்யும் அல்ல. ஜப்பானில் கிடைத்த அளவும் செலவுக் குறைவும் இல்லாவிட்டால் வந்த வாய்ப்பைப் பிடிக்கும் வலு ஹோண்டாவுக்கு இருந்திருக்காது. ஒரே நிகழ்வுக்கு இரண்டு விளக்கங்கள் நிற்க முடியும் என்பதைப் பார்த்த மாணவர், தன் பரிந்துரையைச் சொல்லும்போது தானாகவே குரலைத் தாழ்த்துவார். மின்ட்ஸ்பெர்க் அஞ்சும் போலித் துணிச்சல், முடிவை மட்டும் கேட்டுவிட்டு அதன் எல்லையைக் கேட்காத வகுப்பில் வளர்கிறது. எவ்வளவு உறுதியாக இருக்கிறாய், எந்த அனுமானத்தில் உன் வாதம் தொங்குகிறது என்று சேர்த்துக் கேட்கும் வகுப்பில் அது நிலைக்காது.

நடைமுறை மறுப்பு ஒன்றும் உண்டு, மாணவர்கள் சொல்வது. பல பல்கலைக்கழகங்களின் எம்.பி.ஏ. வினாத்தாளில் கேஸ் கேள்வி கட்டாயம். திருத்துபவர் பக்கத்தையும் தலைப்புகளையும் பார்த்து மதிப்பெண் போடுவார், ஒரு பக்கம் நின்று எழுதினால் தப்பாகிவிடுமே என்று பயப்படுகிறார்கள். பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைப் போக்க வேண்டிய பொறுப்பு வினாத்தாள் அமைப்பவர்களுடையது. ஆனாலும் முதல் மூன்று வரியில் முடிவைச் சொல்லி, அதன் கீழ் வழக்கமான தலைப்புகளிலேயே காரணங்களை எழுதினால் இரண்டு வகைத் திருத்துபவருக்கும் அது செல்லும். நேரம் போதாமல் பாதியில் நின்றாலும், முடிவு ஏற்கெனவே தாளில் இருக்கும்.

மேடையில் பேசும்போதும் இதே வரிசைதான். கேட்பவர்களும் அதே கேஸைப் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள். நிறுவனம் எந்த ஆண்டு தொடங்கியது என்று ஐந்து ஸ்லைடு காட்டுவது அவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொள்வது. முதல் ஸ்லைடில் முடிவு, ஒரு முழு வாக்கியமாக. ‘நிதி நிலை’ என்ற தலைப்பு எதையும் சொல்லாது. ‘லென்ஸ் விலை பாதியானால் இலவசச் சிகிச்சையை இரட்டிப்பாக்கலாம்’ என்ற தலைப்பு வாதத்தைச் சொல்லும், கீழே இருக்கும் எண்கள் அதை நிரூபிக்கின்றனவா என்று பார்க்கவும் வைக்கும். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தால் வாதம் முழுதும் புரிய வேண்டும். பிறகு நிராகரித்த வழிகள், ஏன் நிராகரித்தோம் என்ற காரணத்தோடு. பிறகு யார், எவ்வளவு பணத்தில், எந்த மாதத்துக்குள் செய்வார்கள் என்ற விவரம்; பரிந்துரை வெறும் ஆசையா, செய்யக்கூடியதா என்பது இங்கேதான் தெரியும். குழுவாகச் செய்யும்போது ஆளுக்கு நான்கு ஸ்லைடு என்று பங்கு போட்டுக்கொள்வது எங்கும் உள்ள வழக்கம், கேடான வழக்கமும்கூட. சந்தைப் பகுதியைப் பேசியவரிடம் செலவைப் பற்றிக் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார். குழுவில் ஒவ்வொருவரும் மொத்த வாதத்தையும் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியவேண்டும். எதிர்ப்பக்கம் பேச ஒருவரை முன்கூட்டியே குழுவுக்குள் நியமித்து, அவரோடு மோதிப் பார்த்துவிட்டு மேடையேறுவது, ஸ்லைடின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடும் நேரத்தைவிடப் பலமடங்கு பயன் தரும்.

தமிழ்வழியில் படித்து வந்த மாணவர்களுக்கு இந்த முறை தனியாக உதவும் என்று நம்புகிறேன். சரளமான ஆங்கிலத்தில் பத்து நிமிடம் எதுவும் சொல்லாமல் பேசுகிறவர் கைதட்டல் வாங்குவதையும், கணக்கைச் சரியாகப் பிடித்தவர் சொல் கிடைக்காமல் திணறுவதையும் நம் கல்லூரிகள் நெடுங்காலமாகப் பொறுத்துவந்திருக்கின்றன. வாதத்தைத் தமிழிலேயே யோசித்து, தமிழிலேயே நண்பர்களோடு சண்டை போட்டு முடித்துவிட்டு, முடிவையும் மூன்று காரணங்களையும் மட்டும் சிறுசிறு ஆங்கில வாக்கியங்களாக எழுதிக்கொண்டால் போதும். முடிவும் எண்ணும் தெளிவாக இருக்கும் பேச்சுக்கு அலங்காரம் தேவைப்படுவதில்லை. நடுவர்கள் அதைக் கவனித்து மதிப்பெண் தருகிறார்களா என்பது நடுவர்களின் கடமையைப் பற்றிய கேள்வி, அதையும் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பெரும்பாலான குழுக்கள் விட்டுவிடுவது கடைசி ஸ்லைடு. ‘நன்றி’ என்று பூங்கொத்துப் படம் போடும் அந்த இடத்தில், எது தெரியவந்தால் எங்கள் முடிவை மாற்றிக்கொள்வோம் என்று எழுதியிருந்தால் கேள்வி நேரத்தின் தன்மையே மாறிவிடும். தற்காப்புக்குப் பதில் உரையாடல் நடக்கும். அரவிந்தின் கேஸையே எடுத்துக்கொள்ளுங்கள். கிராமங்களில் நடத்திய கண் முகாம்கள் அதன் பெருமைகளில் ஒன்று; ‘முகாம்களை இன்னும் பெருக்கலாம்’ என்று பரிந்துரைக்காத மாணவர் குழு இருக்காது. முகாமுக்கு வந்தவர்களின் எண்ணிக்கை கேஸில் இருக்கிறது. வராதவர்கள்? 1999இல் வெளியான ஓர் ஆய்வு அதைத் தேடிப் போனது. முகாம் நடந்த பகுதிகளில் கண் கோளாறு இருந்த பெரியவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர் அளவே. மற்றவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். தன் பெருமைக்குரிய முறையைப் பற்றி வந்த இந்த எண்ணை அரவிந்த் ஒதுக்கித் தள்ளவில்லை. 2000களின் நடுவிலிருந்து, கிராமங்களுக்குப் பக்கத்திலேயே ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் சிறு பார்வை மையங்களை, மருத்துவமனையில் இருக்கும் மருத்துவரோடு தொலைத்தொடர்பில் இணைத்து, ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கியது.